பட்டத்து யானையும் வண்டிக்காரன் நாக்கும்

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா இருந்தார். அவருக்குப் பாம்புக் காது. கேட்டதற்கு அர்த்தம் சொல்வது மட்டும் அமைச்சர் பூதலராயர்.

ஒருநாள் ராஜா நகர்வலம் வந்தபோது சந்தைச் சாலையில் மொக்கையன் என்கிற பாரவண்டிக்காரன், பின்னால் வந்த வண்டிகளைப் பார்த்து, "மாமியா முன்னால நிக்கிறா, ஒதுங்கு!" என்று கத்தினான். எல்லா வண்டிகளும் ஒதுங்கின. "ஒற்றர் பாஷை, மகாராஜா" என்று பூதலராயர் காதைக் கடித்தார். அவ்வளவுதான், ராஜா கொதித்தார்.

"சபைக்குப் புரியாத சொல் பேசுகிறவன் எவனானாலும் நாக்கை அறுங்கள்! நாளை ஆற்று விழா முடிந்ததும் முதலில் இவன்!"

சபை விகடன் வேம்பன் இதைக் கேட்டுக்கொண்டிருந்தான். பரிந்து பேசினால் தனக்கும் அதே கத்திதான். "நாக்கு இல்லாட்டி மாட்டை எப்படி ஓட்டுவேன் சாமி?" என்று மொக்கையன் அழுததோ காதைவிட்டுப் போகவில்லை. விடிந்ததும் வேம்பன் யானைப்பாகனிடம் போய், "ஆணை உனக்கும்தான் அப்பா" என்று சொல்லிவிட்டு வந்தான்.

ராஜா அம்பாரியில் ஆற்றுக்கு வந்தார். தண்ணீரைக் கண்ட யானை நிற்கவில்லை. வாய்ச்சொல்லுக்கே பழகிய யானை அது. பாகனோ வாயைத் திறக்கவில்லை.

"நிறுத்தடா!" என்று ராஜா அலறினார். பாகன் நாக்கைத் தொட்டுக் காட்டிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டான்.

கரையில் வேம்பன் கைகட்டிச் சொன்னான். "மகாராஜா, பாகன் பேசும் பாஷை சபைக்குப் புரியாதே. அமைச்சர் பெருமானே சபைத் தமிழில் உத்தரவிடட்டும்!"

"வேழ வேந்தே, அருள்கூர்ந்து நின்றருள்க!" என்றார் பூதலராயர். யானை காதை ஆட்டிக்கொண்டு ஆழத்துக்குப் போனது. தண்ணீர் அம்பாரியைத் தொட்டது. வேம்பனுக்குப் பாதி உயிர் போய்விட்டது. ராஜா மூழ்கினால் நாக்கென்ன, தலையே மிஞ்சாது.

"ஆணை ரத்து! எந்தப் பாஷையிலாவது கத்துடா!"

"வண்டிக்காரனுக்கும் ரத்துதானே, மகாராஜா?" வேம்பன் குரல் அழுதது.

"எல்லாருக்கும்!"

பாகன் இரண்டு சொல் அதட்டினான். யானை சாதுவாகத் திரும்பிக் கரையேறியது. பூதலராயர் முகம் கறுத்து விறுவிறுவென்று அரண்மனைப் பக்கம் நடந்துவிட்டார்.

சொட்டச் சொட்ட நனைந்த ராஜா மொக்கையனை அழைத்தார். "யாரடா அந்த மாமியா?"

"அச்சு வரைக்கும் இழுக்கிற சேறுங்க சாமி. பின்னால வர்றவன் மாட்டிக்கக் கூடாதுல்ல."

திரும்பும்போது சந்தைச் சாலையில் அவரே அம்பாரியிலிருந்து எட்டிப் பார்த்து, "மாமியா முன்னால நிக்கிறா, ஒதுங்கு!" என்று கத்தினார். எல்லாரும் ஒதுங்கினார்கள். முன்னால் போன பூதலராயர் மட்டும் அர்த்தம் புரியாமல் சேற்றில் முழங்கால் வரை இறங்கினார்.

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். முத்துமாலையைக் கழற்றி வேம்பன் கழுத்தில் போட்டார். வேம்பனின் கை மாலையைத் தொடவில்லை. கழுத்து இன்னும் இருக்கிறதா என்றுதான் தடவிப் பார்த்தது.