பதினெட்டு வயசுப் பால் பல்லு

ஒரு ஊர்ல ஒரு முந்திரி ஷெட்டு இருந்துச்சாம். ராஜா எங்க ஆயான்னு கேக்காத மகி, இந்தக் கதையில ராஜா கிடையாது, முதலாளிதான். ம் கொட்டு.

தகரக் கூரை போட்ட நீட்டு ஷெட்டு. உள்ள நாள் பூரா டக்கு டக்கு டக்குனு முந்திரிக் கொட்டை ஒடைக்கிற சத்தம். யாரு ஒடைக்கிறா? ஒன்னாட்டம் புள்ளைங்க. எட்டு வயசு, ஒம்போது வயசு. கொட்டை ஓட்டுல ஒரு எண்ணெய் கசியும், அது பட்டா தோலு வெந்து உரிஞ்சி போவும். வெரலெல்லாம் கருகி, கொழம்புல கை வெச்சா புள்ளைங்களுக்குச் சுரீர்னு எரியும். நேத்து பாயசத்துல முந்திரி கம்மின்னு மூஞ்சியத் தூக்கிக்கிட்டியே, அதான் சொல்றேன்.

அங்க அஞ்சலாட்சின்னு ஒரு பொண்ணு. பத்து வயசு. அவ தங்கச்சி பூங்காவனத்துக்கு ஆறு வயசு. அப்போ முதலாளி அவங்க அம்மா தனபாக்கியத்தைக் கூப்பிட்டு, அடுத்த மாசம் மொதத் திங்கக்கெழமை சின்னதையும் கூட்டியாந்து வுடு, சின்ன வெரலுக்குத்தான் பருப்பு முழுசா வரும்னாரு. அந்தம்மா, நானே வரேங்க, சின்னவ வேணாம்னு கெஞ்சிப் பாத்தா. ஒனக்குக் குடுக்குற கூலியில மூணு புள்ளைங்கள வெச்சிக்கலாமேன்னு சிரிச்சானாம். சிரிச்சான்னுதான் சொல்லுவேன், அவனுக்கு என்ன மரியாதை.

அன்னியிலேர்ந்து அஞ்சலாட்சிக்கு ஒரே நெனப்பு. தங்கச்சி இங்க வரக் கூடாது.

இது நம்ம பக்கத்துச் சங்கதி மட்டும்னு நெனைக்காத. நீ திங்கிறியே சாக்லேட்டு, அது செய்யிற காயை எங்கயோ கடல் தாண்டி ஒரு புள்ளை கத்தியால வெட்டுது. ஒங்கப்பன் தடவிக்கிட்டே இருக்கானே போனு, அதுக்கு வேண்டிய மண்ணை இன்னொரு நாட்டுல ஒரு புள்ளை குழிக்குள்ள எறங்கித் தோண்டுது. ஒரு தடவை ஒங்கப்பன்கிட்ட இதச் சொன்னேன். அம்மா டீ ஆறுதுன்னான். சரி, எங்க வுட்டேன்? ஆங், ஷெட்டு.

அப்புறம் ஒரு நாளு மொத ஆபீசர் வந்தாரு. புள்ளைங்க வேலை பாக்குதான்னு சோதனை போட. ஜீப்பு டுர்ருனு திரும்புற சத்தம் கேட்டதும் மேஸ்திரி அத்தனை புள்ளைங்களையும் குடோன்ல மூட்டைக்குப் பின்னாடி தள்ளிக் கதவைச் சாத்திட்டான். உள்ள தூசி. ஒரு புள்ளை அச்சுனு தும்மிடுச்சு. என்னய்யா சத்தம்னாரு ஆபீசர். ஆடுங்க, சளி புடிச்சிருக்குன்னான் மேஸ்திரி. அவரும் தலையாட்டிட்டுப் போயிட்டாரு. ஆட்டுக்குச் சளியாம்.

ரெண்டாவது ஒருத்தர் வந்தாரு. அவரு கண்ணு முன்னாடியே புள்ளைங்க ஒக்காந்து ஒடைக்குதுங்க. இதுங்க சும்மா வெளையாட வந்ததுங்கன்னான் முதலாளி. வெளையாட்டாம், கை வெந்துபோற வெளையாட்டு. அந்தாளு டீ குடிச்சாரு, ரெண்டு பொட்டலம் முந்திரிப் பருப்பை வாங்கிப் பையில போட்டாரு, போயிட்டாரு. எனக்கு முதலாளி மேல கூட அவ்வளோ ஆத்திரம் வராது மகி, இவங்க மேலதான் வரும். ம் சொல்லு.

மூணாவதா ஒரு ஆபீசரம்மா வராங்கன்னு சேதி வந்துச்சு. கெடுபிடியான பொம்பளைன்னு பேரு. அப்போ முதலாளி என்ன பண்ணான் தெரியுமா, பொண்ணுங்களுக்கெல்லாம் சேலை கட்டி வுட்டான். தரையில பெருக்குது சேலை, இடுப்புல நிக்காம நழுவுது. வயசு கேட்டா பதினெட்டுன்னு சொல்லணும், மீறி எவளாவது வாயத் தொறந்தா அவ ஆத்தாளுக்கு ஊருல ஒரு வேலையும் கெடைக்காதுன்னு மேஸ்திரி மெரட்டி வெச்சான்.

ஆபீசரம்மா வந்தாங்க. ஷெட்டு வாசல்ல வரிசையா நிக்க வெச்சி ஒவ்வொருத்தியா கேட்டாங்க. பதினெட்டு. பதினெட்டு. பதினெட்டு. அஞ்சலாட்சி முறை வந்துச்சு. அவ வாயத் தொறந்து பதினெட்டுன்னா பாரு, ரெண்டு நாளா ஆடிக்கிட்டிருந்த கடவாப் பல்லு பொத்துனு உள்ளங்கையில வந்து வுழுந்துச்சு.

பல்லு வுழுந்தா கொழந்தைங்க என்ன செய்யும்? சாணியில உருட்டிக் கூரை மேல போடும், அப்போதான் புதுப் பல்லு மொளைக்கும்னு. நீயும் போட்டியே, எதிர் வூட்டு மாடிக்கு. சாணிக்கு அவ எங்க போவா? முதலாளி, மேஸ்திரி, ஆபீசர் எல்லாம் மறந்து போச்சு அவளுக்கு. வீசுனா ஒரு வீசு. டிங்குனு தகரத்துல வுழுந்து கடகடன்னு உருண்டு நின்னுச்சு.

அப்பறந்தான் என்ன செஞ்சோம்னு புரிஞ்சி, நழுவுற சேலையை இழுத்துப் புடிச்சிக்கிட்டு மத்த பொண்ணுங்களுக்குப் பின்னாடி ஒளியிறா.

ஆபீசரம்மா அவளை ஒண்ணும் கேக்கல. ஏணி கொண்டான்னாங்க. ஏணி இல்லம்மான்னான் முதலாளி. பின்னாடி இருக்குன்னு ஏழெட்டுப் புள்ளைங்க ஓடிப் போயி தூக்கியாந்துச்சுங்க. மடமடன்னு ஏறுனாங்க. ஏறுனவங்க அப்படியே நின்னுட்டாங்க. கூரையில, தகரத்து மடிப்பு மடிப்பா, பூராவும் பால் பல்லு. எத்தனை வருஷம், எத்தனை புள்ளைங்க. வூட்டுல இருந்தாத்தானே வூட்டுக் கூரையில போடும்?

முந்தானையில அள்ளிக்கிட்டு எறங்குனாங்க. முதலாளி மேசை மேல கொட்டுனாங்க, சலசலன்னு.

"இதுல எந்தப் பல்லுக்குய்யா பதினெட்டு வயசு?"

அவன், பெத்தவங்கதாங்க கொண்டாந்து வுட்டாங்கன்னான்.

அதுவரைக்கும் வேலிக்கு வெளிய நின்ன தனபாக்கியம் உள்ள வந்தா. "நான் வரேன்னப்ப வேணாம்னியேடா. கூலி குடுக்க வலிச்சிதா ஒனக்கு?"

அப்புறம் போலீசு வந்துச்சு, அவனையும் மேஸ்திரியையும் ஏத்திக்கிட்டுப் போச்சு. ஷெட்டை மூடல. இனிமே இங்க பெரியவங்கதான், பெரியவங்க கூலிதான்னு முதலாளி பொண்டாட்டிகிட்ட எழுதி வாங்கிட்டாங்க ஆபீசரம்மா. தனபாக்கியத்துக்கும் அங்கயே வேலை.

முதலாளி சொன்ன திங்கக்கெழமை வந்துச்சு. அக்காளும் தங்கச்சியும் பள்ளிக்கூடம் போனாங்க. அஞ்சலாட்சிக்கு ஒரு எழுத்தும் தெரியாது. அதனால ஒண்ணாம் வகுப்புல, பூங்காவனம் பக்கத்துல, முட்டி பலகையில இடிக்க இடிக்க ஒக்கார வெச்சாங்க. ரெண்டு பேரும் ஒண்ணா சிலேட்டுல 'அனா' போட்டாங்க. சின்னவ போட்டுட்டா. பெரியவளுக்கு வெரலு மடங்கல, பலப்பம் டொக்குனு நழுவி வுழுந்துச்சு. தங்கச்சி எடுத்துக் குடுத்தா. மறுபடி வுழுந்துச்சு. மறுபடி எடுத்துக் குடுத்தா.

என்ன ம்? நல்லா ஆயிடுச்சான்னா கேக்குற? வெரலு ஆறிடுச்சு. அவளுக்குப் போயிட்ட வருஷத்தையெல்லாம் எவன் திருப்பிக் குடுப்பான், நீ சொல்லு பாப்போம்.

சரி, அவ கதை இவ்வளோதான். போத்திக்க, கண்ணை மூடு. கோவமெல்லாம் ஆயா வெச்சிக்கிறேன், நீ தூங்கு.