திட்ட அலுவலரின் சட்டை

"எடுக்க எடுக்கப் போட்டுக்கிட்டே இருக்காங்கம்மா. இத எப்படித்தான் நிறுத்துறது?"

ஆவுடையப்பன் இப்படிக் கேட்டபோது மண்டபத்தம்மா ஆற்றில் ஒரு வேட்டியை அலசிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை.

"முகாம் எத்தன நாளு சார்?"

"ஏழு நாள்."

"இன்னைக்கு?"

"மூணாவது நாள்."

"அப்ப இன்னும் நாலு நாள் கெடக்குல்லா. போடுதவுகள்ல ஒரு ஆளப் பிடிச்சு, எதுக்குப் போடுதீகன்னு கேளுங்க. கேட்டுட்டு வந்து சொல்லுங்க."

வேட்டியைப் பிழிந்து பாறையில் விரித்தார். அன்றைய பதில் அவ்வளவுதான்.

ஆவுடையப்பன் வணிகவியல் பேராசிரியர். ஐம்பத்திரண்டு வயது. கல்லூரியில் என்.எஸ்.எஸ். திட்ட அலுவலர் பொறுப்பை ஆளாளுக்கு எனக்கு வேண்டாம் எனக்கு வேண்டாம் என்று தள்ளிவிட, அது உருண்டு வந்து இவர் மடியில் விழுந்தது. விழுந்ததை மனுஷன் விரும்பியும் விட்டார். மூன்று வருடமாக நாற்பது மாணவ மாணவிகளைக் கூட்டிக்கொண்டு இந்தப் படித்துறைக்கு வருகிறார்.

இந்தப் படித்துறைக்கு ஒரு வழக்கம் உண்டு. தோஷம் கழிக்க வருகிறவர்கள் மூன்று முழுக்குப் போடுவார்கள். உடுத்தியிருந்த துணியை ஆற்றோடு விட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் படியேறிப் போவார்கள். துணியோடு தோஷமும் போய்விட்டது என்று நம்பிக்கை.

போனால்தானே. பத்தடி தள்ளி ஆறு ஆழமாகக் கிடக்கிறது. துணியெல்லாம் அங்கே அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். சேலை வேட்டியைச் சுற்றும், வேட்டி துண்டைச் சுற்றும். வருடம் முழுக்கச் சேர்ந்தால் தண்ணீருக்கு அடியில் ஒரு மெத்தைக் கடையே இருக்கும்.

கிணற்றில் விழுந்த வாளியை எடுக்கும் பாதாளக்கரண்டியைக் கயிற்றில் கட்டி வீசுவார்கள் பிள்ளைகள். கொக்கியில் மாட்டியதை ஆறு பேர் சேர்ந்து இழுப்பார்கள். கரையில் குவித்தால் சாயங்காலம் லாரி வந்து அள்ளிப் போகும். மறுநாள் காலையில் பார்த்தால் புதிதாக நாற்பது உருப்படி சேர்ந்திருக்கும்.

மண்டபத்தம்மாவுக்கு முப்பத்தைந்து வயதிருந்தால் அதிகம். படித்துறை மண்டபத்தில் இருக்கிறார். தன்னைச் சாமியார் என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. ஊர் சொன்னது, அவர் மறுக்கவில்லை. தினமும் விடிந்ததும் ஆற்றிலிருந்து ஒரே ஒரு துணியை எடுப்பார். துவைப்பார், காயப்போடுவார், மடிப்பார். கேட்டவர்களுக்குக் கொடுப்பார். அவர் உடுத்தியிருப்பதும் அப்படி வந்ததுதான்.

முதல் வருடம் ஆவுடையப்பன் அவரிடம் கேட்டிருந்தார். "ஒரு நாளைக்கு ஒண்ணு எடுத்தா எப்பம்மா தீரும்?"

"தீருததுக்கா எடுக்கேன்?" என்றார் அவர்.

அதன் அர்த்தம் பேராசிரியருக்கு அன்றும் புரியவில்லை, அடுத்த வருடமும் புரியவில்லை. ஆனால் அன்றிலிருந்து முகாம் நாட்களில் சாயங்காலமானால் கால் தானாக மண்டபத்துக்குப் போகும். தன்னைவிட இளையவரிடம் சிஷ்யராகிவிட்டோம் என்பது அவருக்கே தெரியாது.

நான்காம் நாள் காலையில் ஆவுடையப்பன் படியில் போய் நின்றுகொண்டார்.

காரில் ஒரு குடும்பம் வந்தது. குடும்பத் தலைவரைப் பிடித்தார். பாலியஸ்டர் மக்காது என்றார். மீன் செத்துப்போகும் என்றார். இந்தத் தண்ணீரைத்தான் கீழே பதினெட்டு ஊர் குடிக்கிறது என்றார். வகுப்பெடுத்துப் பழகிய குரல், நன்றாகவே இருந்தது.

அந்த மனிதர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு இறங்கி மூன்று முழுக்குப் போட்டார். வேட்டியை விட்டார். திரும்பிப் பார்க்காமல் படியேறினார்.

மத்தியானம் முப்பிடாதியின் அம்மா வந்து சேர்ந்தார்.

முப்பிடாதி இரண்டாம் ஆண்டு மாணவி. பாதாளக்கரண்டி வீசுவதில் பையன்களே அவளுக்கு வழிவிடுவார்கள். முந்தின நாள் இரவிலிருந்து அவளுக்குக் காய்ச்சல். மாத்திரை கொடுத்து, முகாம் தங்கியிருந்த பள்ளிக்கூட வராந்தாவில் படுக்கவைத்திருந்தார்கள். யாரோ வீட்டுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டார்கள்.

"எம் பிள்ளைய அனுப்பி வையுங்க சார்" என்றார் அந்த அம்மா. "ஊரான் தோஷத்தையெல்லாம் வாரிச் சொமந்தா காய்ச்சல் வராம என்ன செய்யும்?"

"தண்ணியிலயே நின்னா காய்ச்சல் வரத்தான்மா செய்யும். துணியில அழுக்குதான் இருக்கு. தோஷமும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஒண்ணும் ஒட்டாது."

"உங்க வீட்டுப் பிள்ளைய எறக்குவீகளா?"

"என் மக இங்க இருந்தா அவளையும் எறக்குவேன்."

அம்மா மகளைப் பார்த்தார். முப்பிடாதி போர்வைக்குள்ளிருந்து எழுந்து உட்கார்ந்தாள்.

"சார் பொய் சொல்ல மாட்டாருமா. நான் இருக்கேன். நீ போ."

அந்த அம்மா அரை மனதாகப் பஸ் ஏறினார். ஆவுடையப்பனுக்கு உள்ளுக்குள் பெருமையாக இருந்தது. சாயங்காலம் மண்டபத்துக்குப் போகும்போதும் அந்தப் பெருமை முகத்தில் மிச்சம் இருந்தது.

"எட்டுப் பேர்கிட்ட கேட்டேன்மா. ஒருத்தரும் காதுல வாங்கல."

"கேட்டீகளா, சொன்னீகளா?"

ஆவுடையப்பன் யோசித்தார்.

"சொன்னேன்."

"நாளைக்குக் கேளுங்க" என்றார் மண்டபத்தம்மா.

ஐந்தாம் நாள் வெள்ளென ஐந்து மணிக்குப் போன் அடித்தது. மனைவி பேசினார். குரலே சரியில்லை.

"சங்கரிக்கு வலி வந்திருச்சுங்க. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறோம். ஏழு மாசந்தாங்க ஆகுது."

சங்கரி ஒரே மகள். இதற்கு முன் இரண்டு முறை கரு தங்காமல் போயிருந்தது. இரண்டாவது முறை அவள் பத்து நாள் யாரோடும் பேசவில்லை.

"அடுத்தவங்க கழிச்சுப் போட்டதத் தொடாதீங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேனே. கேட்டீங்களா?"

மனைவி போனை வைத்துவிட்டார்.

முதல் பஸ் ஆறே முக்காலுக்கு. அதுவரைக்கும் செய்வதற்கு ஒன்றுமில்லை. வராந்தாவில் பிள்ளைகள் வரிசையாகத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். செருப்பைக்கூடப் போடாமல் அவர் படித்துறைக்கு நடந்தார்.

அங்கே யாரும் இல்லை. மண்டபத்தில் விளக்கு எரியவில்லை.

தண்ணீர் சில்லென்று இருந்தது. ஒரு முழுக்கு. இரண்டு. மூன்று. மூன்றாவது முழுக்கில் அழுதுவிட்டார். தண்ணீருக்குள் அழுதால் யாருக்குத் தெரியப்போகிறது.

உடம்பிலிருந்த பச்சை டீ-ஷர்ட்டைக் கழற்றினார். முகாமுக்கென்று அடித்தது. முன்பக்கம் 'நதி காப்போம்' என்று இருக்கும். பிள்ளைகளுடைய சட்டைகளில் முதுகில் 'தொண்டர்' என்றிருக்கும், இதில் மட்டும் 'திட்ட அலுவலர்' என்றிருக்கும்.

கையை விரித்தார். அது போயிற்று.

திரும்பிப் பார்க்காமல் படியேறினார்.

பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தபோது மறுபடி போன் வந்தது. பிரசவ வலி இல்லையாம். ஊசி போட்டிருக்கிறார்களாம். வலி நின்றுவிட்டதாம். நாலு நாள் எழுந்து நடமாடக்கூடாதாம், மற்றபடி பயமில்லையாம். நீங்கள் வரவேண்டாம் என்று சங்கரியே போனை வாங்கிச் சொன்னாள்.

மனைவி கடைசியாகக் கேட்டார். "ஏதாவது வேண்டிக்கிட்டீங்களா?"

அவர் ஈரத் தலையைத் தடவிக்கொண்டார்.

"அதான் காப்பாத்திச்சு" என்றார் மனைவி.

அன்று ஆவுடையப்பன் கட்டம்போட்ட சட்டையில் வேலையைப் பார்த்தார். "சார், டீ-ஷர்ட் எங்க?" என்று ஒரு பையன் கேட்டான். "நனைஞ்சிருச்சு" என்றார். பொய் இல்லைதான்.

காய்ச்சல் விட்டு முப்பிடாதி வேலைக்கு வந்துவிட்டாள். வேண்டாம் என்றால் கேட்டால்தானே. மூன்று மணி இருக்கும், பாதாளக்கரண்டியை வீசினாள். இழுத்தாள். பாரம் இல்லை, அவள் ஒருத்தியே இழுத்துவிட்டாள்.

பச்சையாக ஒன்று மேலே வந்தது.

ஆவுடையப்பன் கரையில் வருகைப் பதிவேட்டோடு நின்றிருந்தார். அவள் அதைக் கொக்கியிலிருந்து எடுப்பது தெரிந்தது. திருப்பிப் பார்ப்பதும் தெரிந்தது. அவர் பதிவேட்டைப் புரட்டினார். ஏற்கெனவே கையெழுத்துப் போட்ட பக்கத்தில் இன்னொரு கையெழுத்துப் போட்டார்.

நிமிர்ந்தபோது அவள் பழையபடி பாதாளக்கரண்டியை வீசிக்கொண்டிருந்தாள். லாரி வரும் முன் எதையோ தேடுகிறவர்போல் அவர் துணிக் குவியலைக் கிளறிப் பார்த்தார். சட்டை அதில் இல்லை.

அன்று சாயங்காலம் அவர் மண்டபத்துப் பக்கம் போகவில்லை.

ஆறாம் நாள் காலையில் போனார். போகாமல் இருக்க முடியவில்லை.

மண்டபத்தம்மா பாறையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பச்சைச் சட்டை, துவைத்துக் காயவைத்து மடித்திருந்தது. மடித்த மேல்பக்கத்தில் 'அலுவலர்' என்பது மட்டும் தெரிந்தது.

"ஒரு ஆளயாவது கேட்டீகளா சார்?"

ஆவுடையப்பன் சட்டையைப் பார்த்தார். ஆற்றைப் பார்த்தார்.

"கேட்டேன்மா."

"என்ன சொன்னாரு?"

"பயந்துட்டேன்னாரு. ஒரே மகளாம். இதுக்கு முந்தி ரெண்டு தடவ தங்கலையாம்."

மண்டபத்தம்மா சட்டையின் மடிப்பை நீவிவிட்டார். பிறகு கேட்டார். "இப்ப அந்தப் பிள்ள எப்படி இருக்கா?"

"நல்லா இருக்கா." சட்டென்று திருத்திக்கொண்டார். "நல்லா இருக்காளாம்."

"நல்லா இருக்கட்டும்."

சட்டையை எடுத்து நீட்டினார். "அவரு சட்டைதான். குடுத்திருங்க."

ஆவுடையப்பனுக்குக் கை எழவில்லை. எழுப்பப் பார்த்தார், வரவில்லை. வலி நின்றுவிட்டது. நின்றதைப் போய்த் திரும்பக் கூப்பிடுவதா?

"பிள்ளை பொறக்கட்டும்மா" என்றார். "ரெண்டு மாசந்தான். அதுக்கப்புறம் வாங்கிக்கிடுவாரு."

"சரி" என்றார் மண்டபத்தம்மா. வற்புறுத்தவில்லை.

கீழே வேலை தொடங்கிவிட்டது. கயிறு பாறையில் சிக்கிக்கொள்ள, அதை எடுக்கக் கழுத்தளவு தண்ணீரில் இறங்கியிருந்தாள் முப்பிடாதி. எடுத்துவிட்டுக் கரையேறி வந்தாள். பல் தந்தியடித்தது.

"ஏட்டி, இங்க வா" என்றார் மண்டபத்தம்மா. "காய்ச்சல்ல கெடந்து எந்திரிச்ச பிள்ள. இப்படியா வெடவெடன்னு நிப்ப? இந்தா, காஞ்ச சட்டை. மேல போட்டுக்க."

முப்பிடாதி வாங்கிக்கொண்டாள். அவள்தான் நேற்று அதைக் கொண்டுவந்து இங்கே கொடுத்தவள். யாருடையது என்று அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும்.

சட்டையை உதறி விரித்தாள். ஒரு கையை நுழைத்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் குற்றம் சொல்வது எதுவும் இல்லை. வகுப்பில் சந்தேகம் கேட்கும்போது பார்ப்பாளே, அந்தப் பார்வைதான்.

"போட்டுக்கிடட்டுமா சார்? ஒண்ணும் ஒட்டாதுல்லா?"

படித்துறையில் யாரோ முழுக்குப் போடும் சத்தம் கேட்டது. ஒன்று. இரண்டு.

அவள் இன்னொரு கையைத் தூக்கினாள்.

ஆவுடையப்பன் தாம் ஓரடி முன்னால் வைத்ததையோ, அவள் கையைப் பிடித்ததையோ கவனிக்கவில்லை.

"குடும்மா" என்றார். "அது என் சட்டை."