இருவாச்சி கேட்ட கேள்வி

மழை ஓயாத ஒரு மலைக்காட்டில் பெண் இருவாச்சிப் பறவை ஒன்று தனியாக வாழ்ந்து வந்தது.

இருவாச்சிகளின் வழக்கம் உங்களுக்குத் தெரியுமா, குழந்தைகளே? தாய்ப்பறவை மரப்பொந்துக்குள் புகுந்து, வாசலை அடைத்துக்கொண்டுதான் அடைகாக்கும். ஆண்பறவை சிறு துளை வழியே பழம் ஊட்டும். அது வராமல் போனால் உள்ளே பட்டினிதான்.

அப்படி நம்பி உள்ளே போக இந்த இருவாச்சிக்குத் துணை அமையவில்லை. வருடங்களோ நிற்கவில்லை; இட்ட முட்டைகள் அடைகாக்க வழியின்றி வீணாயின. ‘இந்த முட்டையும் வீணாகிவிடுமோ? அடுத்த வருடம் முட்டையே இடாமல் போய்விட்டால்?’ பழம் கொத்தும்போதும் இதே நினைப்பு.

“இதற்கா அக்கா இத்தனை கவலை?” என்று சிரித்தது வாயாடி மைனா. “மலை உச்சியில் முள்ளம்பன்றியின் பனிக்குகை இருக்கிறதே! அங்கே வைத்தால் முட்டை கெடாது. வேண்டும்போது எடுத்து அடைகாக்கலாம். நான் மூன்று வைத்திருக்கிறேன். அன்றிலிருந்து துணையும் தேடவில்லை, கூடும் கட்டவில்லை. நிம்மதி!”

“காட்டில் நாலு பேர் என்ன சொல்வார்கள்?”

“நாலு பேரா வந்து உனக்குப் பழம் ஊட்டப்போகிறார்கள்?”

இருவாச்சி முட்டையை அலகில் ஏந்திக்கொண்டு மைனாவுடன் உச்சிக்குப் பறந்தது.

முள்ளம்பன்றி பெருமையோடு முட்களைச் சிலிர்த்தது. “வா தாயே! உள்ளே நூறு முட்டை இருக்கிறது. ஒன்றில்கூடக் கீறல் கிடையாது!”

இருவாச்சி முட்டையைக் கீழே வைத்தது. ‘கேட்டால் ஒன்றும் தெரியாதவள் என்று சிரிப்பார்களோ?’ ஆனாலும் கேட்டது.

“இங்கிருந்து எடுத்துப்போனவற்றில் எத்தனை குஞ்சு பொரித்தன?”

முள்ளம்பன்றியின் முட்கள் மெல்லப் படிந்தன.

“பத்தில்... இரண்டு.”

மைனா வெடுக்கென்று முள்ளம்பன்றியின் பக்கம் திரும்பியது. “என்னிடம் ஏன் சொல்லவில்லை?”

“எத்தனை வைக்கலாம் என்றுதானே நீ கேட்டாய்?”

இருவாச்சி குகைக்குள் எட்டிப் பார்த்தது. பிறகு முட்டையைக் குகைக்குள் மெல்ல உருட்டிவிட்டது.

“இருக்கட்டும். ஆனால் இதை நம்பித் துணை தேடுவதை நிறுத்தமாட்டேன்” என்றது.

அருகில் மைனாவைக் காணோம். அது சரிவில் இறங்கி, கூடு கட்ட ஈரச் சுள்ளி, காய்ந்த சுள்ளி என்று பாராமல் அவசர அவசரமாகப் பொறுக்கிக்கொண்டிருந்தது.

நீதி: எத்தனை காத்து வைத்திருக்கிறார்கள் என்று கேட்டு நிம்மதி அடையாதே, எத்தனை பிழைத்தன என்று கேட்டு முடிவெடு.