பதினோரு ஆணி

கோத்தகிரிக்கு மேலே, தேயிலைத் தோட்டத்து மேனேஜர் ஒருவர் முன்பு குடியிருந்த தகரக் கூரை பங்களாவில் நாச்சம்மாளும் அவரிடம் கற்க வந்த எட்டுப் பேரும் இருந்தார்கள். வாசலில் பெயர்ப்பலகை கிடையாது. நாச்சம்மாளுக்கு வயது நாற்பத்து நாலு. கற்க வந்தவர்களில் பாதிப் பேர் அவரைவிட மூத்தவர்கள். இருந்தும் எல்லோருக்கும் அவர் அம்மாதான்.

எட்டுப் பேரில் ஒருவர் சென்னியப்பன். வயது ஐம்பத்தொன்பது. பெருந்துறைப் பக்கம் ஒரு நூற்பாலையில் முப்பது வருடம் டைம் கீப்பராக இருந்தவர். யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார்கள், எத்தனை மணிக்கு வெளியே போனார்கள் என்று குறித்துவைப்பது அவர் வேலை.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, மற்றவர்கள் சமையலறையில் டீ குடித்துக்கொண்டிருந்த நேரத்தில், கூடத்து மச்சிலிருந்து அவர் விழுந்தார்.

கூடத்துக்கு மேலே பலகைத் தட்டு. அதற்கும் தகரத்துக்கும் நடுவில் ஆள் குனிந்து நடக்கிற அளவுக்கு மச்சு. ஏறிப்போகச் சதுரமாக ஒரு வாய், அதற்கு ஒரு மூடிப்பலகை. வாயைச் சுற்றி நாலு பக்கமும் பீடிங் கட்டை அடித்திருந்தது. மூன்றடி நீளம், இரண்டு விரல் அகலம். தச்சர் வெட்டிய கோணல் தெரியாமல் அது மறைக்கும். உள்பக்கம் கொஞ்சம் நீட்டிக்கொண்டு மூடியைத் தாங்கும்.

அந்தக் கட்டைகளில் ஒன்றுதான் சென்னியப்பனின் கையோடு வந்தது. ஏணி சறுக்கியது. சுருட்டி வைத்திருந்த பாய்களின் மேல் விழுந்ததால் முழங்கால் தோல் உரிந்ததோடு போயிற்று. எழுந்து, ஏணியைக் கதவுக்குப் பின்னால் சாத்திவிட்டு, தடியால் கட்டையை மேலே முட்டிப் பழைய இடத்தில் நிறுத்தினார். ஒரே ஓர் ஆணி பிடித்துக்கொண்டது.

ஒன்பது மணிக்கு எல்லோரும் கூடத்தில் மௌனமாக உட்கார்ந்திருந்தபோது கட்டை ஒரு பக்கம் கழன்று, நாச்சம்மாளின் தலைக்கு மூன்றடி மேலே தொங்கி ஆடியது.

யாரும் அசையவில்லை. அரை மணி கழித்து மணி அடித்த பிறகுதான் நாச்சம்மாள் நிமிர்ந்து பார்த்தார்.

"எலிங்க அம்மா," என்றார் போஜன். எட்டுப் பேரில் அந்த ஊர்க்காரர் அவர்தான், சமையலும் அவர் பொறுப்பு. "மேலே நடமாட்டம் இருக்கு. சத்தத்தை வெச்சுப் பார்த்தா ஒரு அறுபது கிலோ இருக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். சென்னியப்பன் கொஞ்சம் தாமதித்துச் சிரித்தார்.

அவருக்கு ஞாயிற்றுக்கிழமை தீட்சை. தீட்சைக்கு முன் நாச்சம்மாள் எல்லோர் எதிரிலும் ஒரே ஒரு கேள்வி கேட்பார். "போறதுக்கு இடம் இருக்குதுங்களா?" முதலில் கேட்கப்பட்டவர் "இல்லை" என்றார். அடுத்தடுத்து வந்த ஆறு பேரும் அதையே சொன்னார்கள். எட்டாவது சென்னியப்பன்.

பதினாலு மாதத்துக்கு முன் வந்து சேர்ந்தபோது, அத்தனை பேர் பார்க்க, "இனி இது எனக்கு வேண்டாம்" என்று தன் நீல ரெக்சின் பையை மச்சில் வீசியவர் அவர். அப்படிச் செய்யும்படி யாரும் கேட்கவில்லை. பங்களாவில் அலமாரி இல்லாததால் எல்லோருடைய பையும் அங்கேதான் கிடந்தது. அவருடைய பேச்சு மட்டும்தான் கூடுதல்.

வீசிய நாலாம் நாளே பை இருக்கிறதா என்று பார்க்க ஏறினார். அன்று தொடங்கி இன்றுவரை ஏறிக்கொண்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை "இருக்கு" என்றால் அனுப்பிவிடுவார்கள். "இல்லை" என்றால் பொய். இரண்டில் எதைச் சொல்வது என்று ஒரு மாதமாகத் தூக்கம் இல்லை.

"சென்னியண்ணா," என்றார் நாச்சம்மாள். "ஏணியைப் பிடிக்கிறீங்களா? இதைச் சரி பண்ணிடலாம்."

"நானே பண்ணிடறனுங்க. நீங்க எதுக்கு?"

"ஏணியைப் பிடிங்க."

மற்றவர்கள் தோட்டத்துக்குப் போனார்கள். நாச்சம்மாள் நல்ல உயரம். தகப்பனார் பவானியில் மரக்கடை வைத்திருந்தவர் என்பதால் சுத்தியலைப் பிடித்த விதத்திலேயே பழக்கம் தெரிந்தது. கட்டையை நெம்பி எடுத்துக்கொண்டு கீழே இறங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"பதினோரு ஆணி. மூணடிக் கட்டைக்கு."

சென்னியப்பன் ஏணியை நேராக்கினார்.

"யார் அடிச்சது?"

"நாந்தானுங்க. மூணு தடவை கழண்டுச்சு. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் சேர்த்து அடிச்சேன். ரெண்டு அங்குல ஆணி வாங்கிட்டு வந்துகூட அடிச்சுப் பார்த்தனுங்க. நிக்கலை."

"எப்படி நிக்கும்? இது மூடியைத் தாங்கற கட்டைங்க. ஆளைத் தாங்காது."

கட்டையின் நடுவில் மேல்பக்கம் நாலு விரல் அகலத்துக்குக் கறுத்து வழவழவென்று இருந்தது. அடிப்பக்கம் கட்டைவிரல் அளவுக்கு ஒரு கறை. நாச்சம்மாள் அதில் தன் விரல்களை வைத்துப் பார்த்தார். அவர் விரல்கள் கறையைத் தாண்டி நீண்டன. கட்டையைச் சென்னியப்பனிடம் நீட்டினார்.

சென்னியப்பன் வாங்கினார். வாங்கிய கை தானாகவே அந்த இடத்தைப் பிடித்தது.

"எலி முழங்கால்ல ரத்தம் வருது," என்றார் நாச்சம்மாள். "முதல்ல கழுவிட்டு வாங்க."

கழுவிவிட்டு வந்து நின்றார். இனி மறைக்க ஒன்றும் இல்லை என்பதே கால் வலியைக் குறைத்ததுபோல் இருந்தது.

"பையைப் பார்க்கத்தானுங்க ஏறுவேன்."

"என்ன இருக்கு அதுல?"

"ரெண்டு சட்டை, ஒரு பேண்டு. வீட்டுச் சாவி."

"எதையாவது எடுத்துட்டு வந்திருக்கீங்களா?"

"இல்லீங்க. ஜிப்பைத் திறப்பேன். சாவியைத் தொட்டுப் பார்ப்பேன். மூடிட்டு எறங்கிடுவேன்."

"எறங்கினப்புறம்?"

சென்னியப்பன் யோசித்தார். இதை அவர் தனக்குள்கூடச் சொல்லிக்கொண்டதில்லை.

"நல்லா உக்கார முடியுதுங்க. மனசு எங்கயும் ஓடறதில்லை. ஒரு நாலு நாளைக்கு."

"அப்புறம்?"

"அப்புறம் சாவி இருக்குமோ இருக்காதோன்னு ஆயிடும்."

நாச்சம்மாள் தலையசைத்தார். ஏணியில் ஏறி, மேலே கை நீட்டி எதையோ பிடித்து, ஒரே எம்பில் மச்சுக்குள் போய்விட்டார். பலகைக்கு மேல் அவர் நடக்கிற சத்தம் இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை கேட்டது. நடுநடுவே நின்றது.

பை இப்போது வந்து விழும் என்று சென்னியப்பன் காத்திருந்தார். விழுந்தால் பிடிப்பதா, தரையில் விழவிடுவதா என்று தெரியவில்லை. கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்குப் பதினொன்றரைக்கு ஒரு பஸ் இருந்தது. பொழுது சாய்வதற்குள் பெருந்துறை போய்விடலாம். போய்க் கதவைத் திறந்தால் உள்ளே யாரும் இருக்கமாட்டார்கள். அதை நினைத்ததும் ஏணியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

வாய் வழியாக நாச்சம்மாளின் முகம் மட்டும் வந்தது. தலையில் ஒட்டடை.

"சென்னியண்ணா, மாட்டுக் கொட்டகைக் கதவு ஒண்ணு பின்னாடி சும்மா கிடக்கு. அதுல இரும்பு இருக்கும். கழட்டிட்டு வாங்க. திருகாணியைத் தொலைச்சுடாதீங்க."

தாழ்ப்பாள் என்று சென்னியப்பன் புரிந்துகொண்டார். மச்சைத் தாழிட்டுப் பூட்டப் போகிறார். ஒரு வகையில் அதுவும் நல்லதுதான். கொட்டகைக் கதவில் தாழ்ப்பாளும் இருந்தது, பெரிய கைப்பிடி ஒன்றும் இருந்தது. தாழ்ப்பாளைத்தான் கழற்றிக்கொண்டு வந்தார்.

நாச்சம்மாள் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இது எதுக்குங்க? கைப்பிடியைக் கொண்டு வாங்க."

மறுபடி போய்க் கைப்பிடியைக் கழற்றி வந்தார். ஒரு முழ நீளம், கட்டைவிரல் தடிமன். வாய்க்கு உள்ளே, கூரையைத் தாங்குகிற பெரிய சட்டத்தின் அடிப்பக்கத்தில் நாச்சம்மாள் அதை வைத்து, நாலு திருகாணியும் இறுக்கினார். கடைசியில் இரண்டு கையாலும் அதைப் பிடித்துத் தன் முழு எடையோடு தொங்கிப் பார்த்தார். சட்டம் முனகக்கூட இல்லை.

பிறகு கீழே இறங்கிக் கட்டையை எடுத்துக்கொண்டு மறுபடி ஏறி, திருப்பி வைத்து, நாலே நாலு சின்ன ஆணியில் அதைப் பழைய இடத்தில் அடித்தார். இடுக்கு மறைந்தது. மூடி அதன் மேல் உட்கார்ந்தது.

"நீங்க எதைப் பிடிச்சுங்க ஏறினீங்க?" என்று கேட்டார் சென்னியப்பன்.

"சட்டத்தைத்தான். எனக்கு எட்டும். உங்களுக்கெல்லாம் எட்டாது. அதை இத்தனை நாள் நான் யோசிக்கலை."

"உங்களுக்கெல்லாம்னா?"

"மத்த மூணு பக்கத்துக் கட்டையிலயும் இதே மாதிரி கை அழுக்குத்தான். மேலே ஒன்பது பை இருக்கு. ஒண்ணு மேலயும் தூசி இல்லை."

சென்னியப்பன் மனசுக்குள் எண்ணினார். ஒவ்வொரு முகமாக வந்து போயிற்று. போஜனின் முகம் வந்தபோது சிரிப்பு வந்துவிட்டது. அறுபது கிலோ எலி.

"நான் மத்தவங்க பையைப் பார்த்ததே இல்லீங்க."

"அவங்களும் உங்க பையைப் பார்த்திருக்க மாட்டாங்க."

"நாங்க எட்டுப் பேர்தானுங்களே? ஒன்பதாவது?"

"என்னுது."

"அதுலயும் தூசி..."

"இல்லைங்க."

வெளியே போஜன் யாரையோ முட்டைக்கோஸ் பாத்தியை மிதிக்காதே என்று அதட்டுகிற குரல் கேட்டது. சென்னியப்பன் பாயில் உட்கார்ந்துவிட்டார். ஒரு மாதமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது எப்போது இறங்கியது என்று தெரியவில்லை. மூச்சு முழுசாக வந்தது.

"ஞாயித்துக்கிழமை கேப்பீங்களே அம்மா. நான் என்னங்க சொல்றது?"

"இருக்கறதைச் சொல்லுங்க."

"அவங்க எல்லாரும் இல்லைன்னுதானே சொன்னாங்க?"

"சொன்னாங்க. நானா சொல்லச் சொன்னேன்?"

"பின்ன எதுக்குங்க கேக்கறீங்க?"

"தெரிஞ்சுக்கத்தான்."

நாச்சம்மாள் சுத்தியலையும் மிச்ச ஆணிகளையும் பொறுக்கினார். வளைந்துபோன பதினோரு பழைய ஆணிகளையும் ஒரு தாளில் மடித்துக் குப்பைக் கூடையில் போட்டார். சென்னியப்பன் ஏணியைத் தூக்கினார். மனசு லேசாக இருந்ததில் வாய் தாராளமாகிவிட்டது.

"கைப்பிடி போட்டதுகூடத் தேவையில்லாத வேலைதானுங்க அம்மா. இத்தனையும் தெரிஞ்சதுக்கப்புறம் நான் இனிமே மேலே ஏற மாட்டேன்."

"ஏறுவீங்க," என்றார் நாச்சம்மாள். "விழாம ஏறுங்க."