தினை ஏற்காத புதுப்பெயர்

அந்தக் காலத்தில் விதைகளுக்குக் காதும் இருந்தது, வாயும் இருந்தது. குழியில் போட்டு, பெயர் சொல்லிக் கூப்பிட்டால்தான் முளைக்கும்.

கிழக்கே மூங்கில் மலையில் சால்கோ என்ற அண்ணனும் பிர்சி என்ற தங்கையும் சேர்ந்து பயிர் செய்தார்கள். காட்டை வெட்டி, காயவிட்டு, எரிப்பார்கள். சாம்பல் ஆறியதும் அண்ணன் கூர்க்கழியால் குழி குத்திக்கொண்டே போவான். தங்கை பின்னால் விதை போட்டுக்கொண்டே வருவாள்.

ஒரு வருஷம் சால்கோவுக்கு அவசரம். மழை வந்துவிடும் என்று பயந்து, பிர்சி சேப்பங்கிழங்கைத் தோண்டி முடிப்பதற்குள் தீ வைத்துவிட்டான். தன் பிள்ளைகளுக்கென்று அவள் விட்டுவைத்திருந்த கிழங்கெல்லாம் கரியாகிப்போனது.

"ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா, அண்ணா?"

"எல்லாத்துக்கும் உன்னைக் கேட்டுக்கிட்டா இருக்க முடியும்?"

தப்பு அவனுடையதுதான். ஆனால் ஒத்துக்கொண்டால் மானம் போய்விடுமே! பிர்சிக்குப் பொறுக்கவில்லை. "உன் வாயில வர்ற ஒரு சொல்லும் இனி என் வாயில வராது" என்று சபதம் போட்டுவிட்டு, பிள்ளைகளோடும் ஒரு கூடை தினையோடும் அடுத்த மலைக்குப் போனாள். தண்ணீருக்குப் புதுப்பெயர் வைத்தாள், நெருப்புக்கு வைத்தாள். கூடப் போன நாய்தான் பாவம், தன் புதுப்பெயர் புரியாமல் மூன்று நாள் முழித்தது.

தினைக்கும் புதுப்பெயர் சொல்லி விதைத்தாள். நல்ல மழை பெய்தது. ஒன்றுகூட முளைக்கவில்லை. கூடையில் கடைசிப் பிடி மட்டும் மிஞ்சியது. சின்ன மகள் அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தாள். பார்க்க மனசு தாங்காது.

பிர்சி குழிக்கு முன்னால் உட்கார்ந்து, "ஏன் இப்படிப் பண்றே?" என்று தினையிடம் கெஞ்சினாள்.

"நீ யாரையோ கூப்பிடறே. நான் எப்படி வருவேன்?" என்றது தினை. "சண்டை உனக்கும் உன் அண்ணனுக்கும். நான் என்ன பண்ணினேன்?"

பழைய பெயரைச் சொன்னால் சபதம் போச்சு. அதுவும் அந்தப் பெயர், அண்ணன் தோளில் உட்கார்ந்து அவள் சொல்லப் பழகிய பெயர். சொல்ல வாயெடுத்தாள், அழுகைதான் வந்தது. மகளை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். கடைசிப் பிடியைக் குழிகளில் போட்டு, பழைய பெயரைச் சொல்லி உரக்கக் கூப்பிட்டாள். மறுநாளே முளைவிட்டது. எட்டாம் நாள் கதிர் முற்றியது; அந்தக் காலத்துத் தினைக்கு அவ்வளவு வேகம். பிள்ளைகள் பிழைத்தார்கள். அண்ணனும் தங்கையும் மட்டும் பிறகு பார்த்துக்கொள்ளவே இல்லை.

அன்று முதல்தான், தாகத்துக்குத் தண்ணீர் கேட்டால்கூட ஒருவருக்கொருவர் புரியாத, அவர்கள் வழிவந்த அந்த இரண்டு மலைக்காரர்களும், சந்தைக்கு வந்தால் தினையை மட்டும் ஒரே பெயர் சொல்லிக் கேட்கிறார்கள். கேட்டுவிட்டு, எதற்கென்று தெரியாமலே ஒருவர் முகத்தை ஒருவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.