மூன்று நாட்டுக் குழுவின் தலைமை

கோயம்புத்தூரில் ஒரு பம்ப் கம்பெனியில் எழுந்த வழக்கு இது. தீர்ப்புச் சொல்ல வேண்டியவள் பூங்கோதை. அவளுக்கு முன்னால் உங்களால் சொல்லிவிட முடிகிறதா, பாருங்கள்.

பூங்கோதை அந்தக் கம்பெனியின் வெளிநாட்டுப் பிரிவுக்குப் பொறுப்பாளர். சூரிய ஒளியில் ஓடும் பம்புகளை வறண்ட நாடுகளுக்கு அனுப்புவது அவள் வேலை. இங்கே வடிவமைத்து அங்கே கொண்டுபோய் இறக்கினால் மட்டும் போதாது, அந்தந்த மண்ணில் இருப்பவர்களும் வடிவமைப்பில் கைவைக்க வேண்டும் என்பது அவள் கட்சி. அவரவர் ஊரில் இருந்துகொண்டே கணினித் திரை வழியாகக் கூடி வேலை செய்யும் குழு ஒன்று வேண்டும் என்று முதலாளி நாச்சிமுத்துவிடம் கேட்டாள். ஒரே கூரையின் கீழ் ஆட்களை வைத்துத் தொழிலை வளர்த்தவர் அவர்.

"மூஞ்சி பாக்காம எப்படி அம்மிணி வேலை நடக்கும்? எல்லாரையும் இங்க கூட்டியாந்துரு. வீடு பாத்துக் குடுத்துடலாம்" என்றார்.

"இங்க வந்துட்டா அவங்களுக்கு அந்த ஊரு மறந்து போயிருங்க ஐயா. அங்க இருக்கறதுதானுங்க அவங்க பலம்."

அவர் ஒரு நிபந்தனை போட்டார். கென்யாவின் வடக்கே ஒரு வறண்ட ஊருக்குப் பம்ப் போட ஒப்பந்தம் ஆகியிருந்தது. அங்கே பெண்கள் விடிந்ததும் தண்ணீருக்குக் கிளம்பினால் திரும்ப உச்சிவெயில் ஆகிவிடும். அவர்களோடு நடந்த சிறுமிகளுக்குப் பாதிப் பள்ளிக்கூடம் போய்விடும். அந்த ஊரில் நாள் முழுக்கத் தண்ணீர் வந்தால் குழு நிலைக்கும்; யாரால் வந்ததோ அவரே அதற்குத் தலைவர், எந்த நாட்டில் இருந்தாலும் சரி. வராவிட்டால் குழுவும் இல்லை, பூங்கோதைக்கு அந்தப் பொறுப்பும் இல்லை.

குழுவில் மூன்று பொறியாளர்கள். கோயம்புத்தூரில் வெள்ளியங்கிரி, கம்பெனியின் பெரிய பம்புகளெல்லாம் அவர் கை பட்டவை. கென்யாவில், பம்ப் போட்ட ஊரிலேயே அகிரு என்ற இளம்பெண். சிலி நாட்டின் பாலைவன ஓரத்தில் மார்செலா.

பம்ப் காலையில் நன்றாக ஓடியது. மதியம் நின்றுவிட்டது. சாயங்காலம் தானாகவே மறுபடி ஓடியது. தினமும் இதே கதை. மோட்டாரில்தான் கோளாறு என்றார் வெள்ளியங்கிரி. புது மோட்டார் போய்ச் சேர்ந்தது. அதுவும் மதியத்தில் நின்றது. காலைத் தண்ணீர் போதாமல் ஊர்ப் பெண்கள் பழையபடி நடக்கத் தொடங்கினார்கள். பூங்கோதை குழுவை அவசரமாக மறுபடி கூட்டினாள்.

அப்போது கோயம்புத்தூரில் மாலை, கென்யாவில் பட்டப்பகல், சிலியில் காலை. அகிரு ஏதோ சொல்ல வாயெடுத்தாள். வழக்கம்போல இணைப்பு அறுந்தது. முந்தைய கூட்டங்களிலும் அப்படித்தான் ஆகியிருந்தது. அவள் திரும்பி வருவதற்குள் பேச்சு எங்கோ போயிருக்கும். பம்ப் செய்தவர்களுக்குத் தெரியாததா என்று அவளும் விட்டுவிடுவாள். அன்றும் வெள்ளியங்கிரி அடுத்த விஷயத்துக்குப் போனார். மார்செலா குறுக்கிட்டாள்.

"யாரும் பேச வேண்டாம். அகிரு வரட்டும்."

நேரம் போய்க்கொண்டே இருந்தது. வெள்ளியங்கிரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இந்தக் கூட்டமும் வீணா என்று பூங்கோதை நினைத்தபோது அகிருவின் முகம் திரையில் வந்தது. எங்கே விட்டாயோ அங்கிருந்தே சொல் என்றாள் மார்செலா. அகிரு தயங்கித் தயங்கிச் சொன்னாள். மோட்டாரை ஓட்டும் மின்சாரப் பெட்டியைத் தொட்டால் கை பொசுங்குகிறது. ஈரச் சாக்கைப் போர்த்திப் பார்த்தாள். நின்ற பம்ப் ஓடியது. சாக்கு காய்ந்ததும் நின்றது.

வெள்ளியங்கிரி நிமிர்ந்து உட்கார்ந்தார். கோளாறு மோட்டாரில் இல்லை. சூடு ஏறியதும் பெட்டிதான் தன்னைத் தானே நிறுத்திக்கொள்கிறது. அதை அவர் சோதித்தது கோவையில், நிழலான கொட்டகைக்குள். ஆனால் ஊரில் யார் நாளெல்லாம் சாக்கை நனைத்துக்கொண்டிருப்பது? இரண்டே நாளில் அவர் வழி கண்டார். கிணற்றிலிருந்து ஏறும் குளிர்ந்த நீர் பெட்டியின் முதுகைத் தொட்டு வளைந்து போகும்படி புதுக் குழாய் ஒன்றைச் செய்து அனுப்பினார். பம்ப் ஓட ஓடப் பெட்டியும் குளிரும்.

குழாய் போய்ச் சேர்ந்தது. வெயில் உச்சிக்கு ஏறிய பிறகும் தண்ணீர் கொட்டியது. அகிரு போனைத் தூக்கிப் பிடித்தாள். பள்ளிச் சீருடையில் சிறுமிகள் குழாயடியில் நனைந்து ஆடினார்கள். கோவைப் பட்டறையே திரைமுன் கூடிக் கைதட்டியது. பூங்கோதைக்குக் கண் நிறைந்தது.

"நீதான் அம்மிணி ஜெயிச்ச. இனி எல்லா நாட்டுக்கும் இப்படியே குழு போடு. தலைமை யாருன்னு நீயே சொல்லிரு" என்றார் நாச்சிமுத்து.

பட்டறை வெள்ளியங்கிரியைச் சொன்னது: நிலைத்த தீர்வு அவருடையது. பம்ப் போட்ட ஊர்க்காரர்கள் அகிருவைச் சொன்னார்கள்: கோளாறைக் கண்டது அவள். சிலியில் கூட வேலை செய்பவர்கள் மார்செலாவைச் சொன்னார்கள்: அவள் தடுத்திராவிட்டால் அகிருவின் பேச்சு அன்றும் காற்றோடு போயிருக்கும். பூங்கோதையின் மனசு, பக்கத்து அறையில் பல வருஷம் கூட உழைத்த வெள்ளியங்கிரி பக்கமே இழுத்தது.

இந்த மூவரில் குழுத் தலைமை யாருக்கு உரியது?

விடை: மார்செலாவுக்கு. சூட்டைக் கண்டவளும் அதைத் தணித்தவரும் இந்தப் பம்புக்கு விடை சொன்னார்கள். அந்தப் புகழ் அவர்களுடையது, புதுப் பம்பும் அவர்கள் இருவர் பெயரில்தான் வெளிவந்தது. ஆனால் அடுத்த ஊரில் கோளாறு வேறாக இருக்கும், விடை தெரிந்தவரும் வேறாக இருப்பார். அவர் யாரென்று முன்கூட்டியே யாருக்கும் தெரியாது. தூரத்தில் இருப்பவர் சொல்லி முடிக்கும்வரை காத்திருக்கத் தெரிந்தவரால்தான் அந்த விடையை வெளியே கொண்டுவர முடியும். இந்த ஊருக்குத் தண்ணீர் வந்ததும் மார்செலா அப்படிக் காத்திருந்ததால்தான். பூங்கோதை இதைச் சொன்னபோது முதலில் கைதட்டியவர் வெள்ளியங்கிரிதான்.