வாசலில் தொங்கிய ராஜா

கொற்றங்குடி ராஜா வல்லபவழுதிக்கு வேலை குறைவு, மீசை அதிகம். வேலையில்லாத நேரத்தில் அவருக்கு ரசனை வந்துவிடும். அது வந்தால் ஊருக்குத்தான் வயிற்றெரிச்சல்.

ஒரு நாள் அலங்கார மந்திரி சிங்காரவேளர் அவர் காதில் ஓதினார். தங்கமும் தந்தமும் எந்த அரண்மனையிலும் இருக்கும், அன்றாடம் புழங்கும் பொருளைச் சுவரில் மாட்டினால் அதுதான் அசல் கலை என்றார். ராஜா சொக்கிப்போனார். பத்தே நாளில் ஊரிலிருந்த முறம், சல்லடை, உறி, தேங்காய்த் துருவி எல்லாம் அரண்மனைச் சுவரில் ஏறின. புடைக்க முறமில்லாமல் ஊர்ப் பெண்கள் கல்லோடு சேர்த்தே சோறு பொங்கினார்கள். இதற்கு ஒரு சட்டம் வேறு. சுவரில் ஏறிய பொருளை யார் இறக்கினாலும், மொட்டையடித்து ஊரைவிட்டுத் துரத்த வேண்டும்.

இந்தச் சட்டத்தில் முதலில் சிக்கியவள் அரண்மனைச் சமையற்காரி கோமளவல்லி. அவளுடைய ரசக் கரண்டியும் சுவரில்தான் தொங்கியது. கொட்டாங்கச்சியால் ஊற்றினால் ராஜா முகம் சுளித்தார். பொறுத்துப் பார்த்தவள், ஒரு மத்தியானம் கரண்டியை எட்டி எடுத்து ஊற்றிவிட்டாள். ராஜா மூன்று தரம் வாங்கிக் குடித்தார். பின்னால் நின்ற சிங்காரவேளர் கரண்டியைப் பார்த்துவிட்டார். மறுநாள் உச்சிவேளையில், அரண்மனை வாசலில் வைத்து மொட்டை என்று தீர்ப்பாகியது. ரசம் குடித்த வாய் ஒரு வார்த்தை சொல்லித் தடுக்கவில்லை. அந்த ராஜா மேல் எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான்.

கோமளவல்லி நேராக அரசவை விகடர் ஏகம்பரிடம் போனாள்.

"முடி போனா முளைச்சுக்கும் ஐயா. ஊரை விட்டுட்டு நான் எங்க போவேன்?" என்று அழுதாள்.

ஏகம்பர் அவளை அனுப்பிவிட்டு வாசலுக்கு வந்தார். அரண்மனைக்கு அப்போதுதான் புதுக் கோபுரவாசல் கட்டியிருந்தார்கள். அதன் நெற்றியில் சிங்காரவேளர் ரசித்து ரசித்து மாட்டிக்கொண்டிருந்தார். இடப்பக்கம் ஒரு பழந்துடைப்பம், வலப்பக்கம் ஒரு ஜோடி தேய்ந்த செருப்பு, மேலே ஒரு சாம்பல் பூசணி. ஏகம்பருக்குச் சிரிப்பு முட்டியது. பாவம், மந்திரி பிறந்ததிலிருந்து ஒரு வீடு கட்டுவதைக் கிட்டப் போய்ப் பார்த்ததில்லை. ராஜாவும் அப்படித்தான்.

"பிரமாதம். நடுவில்தான் கொஞ்சம் காலியாக இருக்கிறது. மகாராஜாவின் படம் இருக்கிறதே, அதை மாட்டினால் எப்படி?" என்றார் ஏகம்பர்.

மந்திரி துள்ளினார். ராஜாவோ வெட்கப்பட்டுக்கொண்டே சம்மதித்தார். உருட்டு விழியும் முறுக்கு மீசையுமாக இருந்த ஆளுயரப் படம், துடைப்பத்துக்கும் செருப்புக்கும் நடுவில் ஏறியது.

மறுநாள் காலை ராஜா உப்பரிகையில் மறைவாக நின்று, குடிகள் தன் படத்தைப் பார்த்துப் பூரிப்பதைக் காண ஆசைப்பட்டார். கூட்டம் வந்தது. முதலில் வந்த பால்காரி இடுப்பிலிருந்த குழந்தையை இறக்கினாள். உப்பும் மிளகாயும் சுற்றினாள். படத்தை நோக்கி மூன்று தரம் "தூ, தூ, தூ" என்று துப்பினாள்.

"நல்லாப் பாருடா கண்ணு. இந்த மூஞ்சியைப் பாத்தா எந்தக் கண்ணேறும் ஓடிரும்" என்றாள்.

பக்கத்திலிருந்தவர், எத்தனையோ வீட்டில் திருஷ்டி பொம்மை பார்த்திருக்கிறேன், இவ்வளவு விகாரமாக ஒன்றைப் பார்த்ததில்லை என்று மெச்சினார். அதற்குள் வரிசை தெருமுனை வரை நீண்டது. யாரோ ஒரு பூசணிக்காயைப் படத்துக்கு நேர் கீழேயே உடைத்தார்கள்.

ராஜா நான்கு நான்கு படியாகத் தாவி இறங்கினார். படத்தை இறக்கச் சொல்லிக் காவலர்களிடம் கத்தினார். ஒருவரும் அசையவில்லை. அவரவர் கை அவரவர் தலைமுடியைத் தடவிக்கொண்டிருந்தது. ராஜா பல்லைக் கடித்துக்கொண்டு, தாமே ஏணியில் ஏறிப் படத்தைக் கழற்றிக்கொண்டு இறங்கினார்.

கீழே ஏகம்பர் நின்றார். ஒரு பக்கம் கோமளவல்லி, மறுபக்கம் கத்தி தீட்டும் நாவிதர். உச்சிவேளை ஆகியிருந்தது.

"நாவிதரே, இன்றைக்கு ஒரு தலை இல்லை, இரண்டு. மகாராஜாவுக்கு முதலில் செய்துவிடுங்கள். அவர் நெடுந்தூரம் போக வேண்டியவர்" என்றார் ஏகம்பர்.

ராஜா கையிலிருந்த படத்தைப் பார்த்தார். கத்தியைப் பார்த்தார். மெல்ல மீசையைத் தொட்டுக்கொண்டார்.

"என்னை ஊருக்கே திருஷ்டி பொம்மையாக்கினாயே, ஏகம்பா?"

"துடைப்பமும் செருப்பும் மந்திரி மாட்டியது, மகாராஜா. கண்ணும் மீசையும் தங்களுடையது. நான் காலி இடத்தை மட்டும்தான் காட்டினேன்."

ராஜாவுக்குச் சிரிப்பு பீறிட்டது. படத்தைக் கட்டிக்கொண்டு வயிறு குலுங்கச் சிரித்தார். சட்டம் அங்கேயே ரத்தானது. கோமளவல்லி கரண்டியோடு அடுப்படிக்குப் போனாள். சிங்காரவேளர் தலையில் முறத்தைச் சுமந்து, வீடு வீடாகத் திருப்பிக் கொடுத்தார். எந்தச் சல்லடை யாருடையது என்று தெரியாமல் பட்ட பாட்டை ஊரே ரசித்தது.

ஏகம்பருக்கு ராஜா கொடுத்த பரிசு என்ன தெரியுமா? அதே படம். இனி அதை அரண்மனையில் வைத்துக்கொள்ள அவருக்கு மனமில்லை போலும்.

இரண்டு மாதம் கழித்து, படம் பத்திரமாக இருக்கிறதா என்று சபையில் கேட்டார் ராஜா.

"கத்தரித் தோட்டத்து நடுவில் நட்டிருக்கிறேன், மகாராஜா. இந்த வருஷம் ஒரு காயில்கூடச் சொத்தை இல்லை" என்றார் ஏகம்பர்.